கதவைச் சாத்தியது நாங்கள்தான்

கோவையில் நாடகம் போட்டுவிட்டுச் சேரன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய ஒரு காலை. சென்ட்ரல் வாசலில் டிரங்குப் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு வேனுக்காகக் காத்திருந்தோம். மேற்கே, ரிப்பன் மாளிகைக்கு இந்தப் பக்கம், பேனர்களுக்கும் கடைகளுக்கும் பின்னால் ஒரு சிவப்புக் கோபுரத்தின் தலை மட்டும் தெரிந்தது. எங்களோடு வந்த ஒப்பனைக்காரப் பெரியவர் கொங்கு நாட்டுக்காரர். சென்னை அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. “ஏனுங் தம்பி, அந்தச் செகப்புக் கட்டடம் என்னதுங்க?” என்று கேட்டார். “ஏதோ பழைய கவர்மெண்ட் ஆபீஸுங்க ஐயா, பூட்டியே கெடக்கும்” என்றேன். அவரும் தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பெட்டிக்குள் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகத்துக்கான உடுப்புகள் இருந்தன. வேலைக்காரன் சபாபதியின் தலைப்பாகையை முந்தைய இரவு நான்தான் மடித்துவைத்தேன். அந்த நாடகத்தை எழுதியவரின் சபா 34 ஆண்டுகள் இயங்கிய இடத்தைத்தான் நான் பழைய ஆபீஸ் என்று சொல்லியிருந்தேன். விக்டோரியா பப்ளிக் ஹால். எனக்குத் தெரியாது. வேனுக்குக் காத்திருந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த அரங்கு பாழாய்ப் போனதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் மாநகராட்சி, அறக்கட்டளை, கோர்ட் வழக்கு, மெட்ரோ ரயில் என்று குற்றவாளிகள் வரிசையாக வருவார்கள். அந்த வரிசையில் நாடகக்காரர்களை யாரும் நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிறுத்த வேண்டும். ‘நாங்கள்’ என்று இங்கே நான் சொல்வது சென்னையின் சபாக்களில் நாடகம் போடுகிறவர்களை, அதற்கு விமர்சனம் எழுதுகிறவர்களை, சீசன் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருகிறவர்களை. மற்றவர்கள் செய்ததை மற்றவர்கள் சொல்லட்டும். எங்கள் பங்கை நான் சொல்கிறேன்.

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய நகரத்துப் பிரமுகர்கள், சென்னைக்கு ஒரு பொது மன்றம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். ஊர் கூடிப் பேச, பாட்டுக் கேட்க, கூத்துப் பார்க்க எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூரை. சர்க்கார் கட்டித் தரட்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை, நன்கொடை திரட்டினார்கள். 1883 டிசம்பர் 17 அன்று, ஆந்திரக் கரையோரத்து விஜயநகரத்தின் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். பீப்பிள்ஸ் பார்க் என்று அழைக்கப்பட்ட பெரிய பூங்காவில் 57 கிரவுண்டு நிலத்தை நகராட்சி 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. விக்டோரியா ராணியின் பொன்விழா 1887இல் வந்ததால் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெயர் ராணியுடையது என்றாலும் பணமும் முனைப்பும் ஊராருடையவை. ‘பப்ளிக்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய கட்டடம் அது. அந்தப் பப்ளிக் நாம்தான் என்பதை எப்போது மறந்தோம்?

கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். மாநிலக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தையும் நமக்குத் தந்தவர். திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகமும் அவர் வேலைதான். அங்கே அவர் கற்றுக்கொண்டதை இங்கே கோபுர உச்சியில் பார்க்கலாம். கோபுரம் இத்தாலியச் சாயலில் சதுரமாக எழுந்து நிற்கும். அதன் தலையில் கேரளத்துக் கோயில் முகப்புபோலச் சரிந்த ஒரு திருவிதாங்கூர்க் கூரை. கூரைக்குக் கீழே ஓடும் சுடுமண் பட்டையில் அரபு எழுத்தழகை நினைவூட்டும் வேலைப்பாடு. மூன்று ஊர்களின் கை ஒரே கோபுரத்தில். இந்தோ-சரசெனிக் பாணி என்ற ஒற்றைச் சொல்லால் இதைக் கடந்துவிடுகிறோம். ஒரு மாலை எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தச் சொல் எவ்வளவு சிறியது என்று தெரியும்.

கட்டியவர் நம்பெருமாள் செட்டி. உயர் நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் எழுப்பிய அதே கை. கணித மேதை ராமானுஜன் தன் கடைசி நாட்களைக் கழித்த சேத்துப்பட்டு வீடும் இவருடையதுதான். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான் அரங்கின் உடம்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் திருப்பிவிடும். கவனிக்க ஆள் இருந்தால் நூறு ஆண்டு அதற்கு ஒரு வயதே இல்லை. கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். கிழக்குக் கோடியில் மரத்தாலான காலரி. அதில் இன்னும் 200 பேருக்கு மேல். வடக்கிலும் தெற்கிலும் கொரிந்தியத் தலை வைத்த மெலிந்த கல்தூண்கள் தாங்கும் நீண்ட தாழ்வாரங்கள், தரையில் சதுரச் சுடுமண் ஓடு.

அந்தத் தாழ்வாரங்களை அழகுக்கு வைத்தவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். மேடை ஏறுகிறவனுக்கு அவற்றின் அருமை வேறு. சென்னை வெயில் கூடத்தின் சுவரில் நேராகப் படாமல் தாழ்வாரம் தடுத்துவிடும். சாரல் உள்ளே வராது. ஆகவே மழையிலும் கதவுகளைத் திறந்து வைக்கலாம். இரண்டு பக்கமும் கதவு திறந்திருந்தால் காற்று குறுக்கே ஓடும். ஏ.சி. இல்லாத காலத்தில் அத்தனை பேரை ஒரு கூரையின் கீழ் மூன்று மணி நேரம் உட்காரவைக்கச் செய்த ஏற்பாடு அது. உயர்ந்த கூரை, மரக் காலரி, ஆள் நிறைந்த கூடம்: மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டிய இடம் அது. காலரின் உள்பக்கத்தில் மைக் செருகிக்கொண்டு நடிக்கிற எங்களுக்கு, குரலை மட்டும் நம்பிக் கட்டப்பட்ட ஓர் அரங்கு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. நாடகப் பயிற்சி முகாம் நடத்துகிறோம், குரல் பயிற்சி என்று ஒரு நாள் ஒதுக்குகிறோம். மாணவர்களை ஒரு தடவையாவது அந்தத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், இது ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று காட்டியதில்லை.

அந்த மேடையில் நடந்தது எங்கள் குடும்ப வரலாறு. பதினெட்டு வயதுவரை தமிழ் நாடகத்தை மதிக்காமல் இருந்தவர் சம்பந்த முதலியார். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தம் சபையோடு சென்னைக்கு வந்து நடத்திய தெலுங்கு நாடகங்களைப் பார்த்தார். படித்தவர்கள், உத்தியோகம் பார்க்கிறவர்கள் வேஷம் கட்டி நின்றதைப் பார்த்ததும் தமிழில் இது ஏன் இல்லை என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். 1902 முதல் 1936 வரை சபாவின் இருப்பிடம் விக்டோரியா பப்ளிக் ஹால். அதன்பிறகுதான் மவுண்ட் ரோட்டில் சொந்தக் கட்டடத்துக்குப் போனது.

விடிய விடிய நடந்த நாடகம் மூன்று மணி நேரத்துக்குள் வந்தது இவர்களால். பாட்டை நம்பியே ஓடிய கதை, வசனத்தில் நிற்கக் கற்றுக்கொண்டது. அறிவித்த நேரத்தில் திரை ஏற வேண்டும் என்பது விதியானது. வக்கீல்களும் பட்டதாரிகளும் அரிதாரம் பூசினார்கள். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி நடித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சராக வந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாருக்கும் இந்தச் சபாவோடு தொடர்பு உண்டு. சம்பந்த முதலியாருக்கு ஜோடியாகப் பெண் வேடங்களில் ஆண்டுக்கணக்கில் நின்ற ரங்கவடிவேலு ஒரு வழக்கறிஞர். ‘கூத்தாடி’ என்ற சொல் வசையாக இருந்த ஊரில், பகலில் கோர்ட்டுக்குப் போன மனிதர் இரவில் புடவை கட்டி நாயகியாக நின்றார் என்றால், அவர் எவ்வளவு பேச்சைத் தாங்கியிருப்பார். இன்று நாங்கள் ஆபீஸ் விட்டு வந்து மேக்கப் போட்டுக்கொள்வதை யாரும் கேலி செய்வதில்லை. அந்த மரியாதையை எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்.

மற்ற பெருமைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம், அவை ஓரளவு எழுதப்பட்டவைதான். 1897 பிப்ரவரியில் விவேகானந்தரை வரவேற்க இங்கே கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. உள்ளே கொள்ளாத ஜனம் வெளியே நின்றதால் அவர் வந்து ஒரு வண்டியின் மேல் ஏறிப் பேச வேண்டியதாயிற்று. சாவகாசமாகப் பேச இன்னொரு நாள் இதே அரங்குக்குத் திரும்பி வந்தார். நீதிக்கட்சியின் தொடக்கத்தைச் சொல்கிறவர்கள் 1916 நவம்பர் 20ஆம் தேதியோடு இந்த அரங்கையும் சேர்த்தே சொல்வார்கள். சலனப்படம் சென்னைக்கு வந்த புதிதில் ஊரார் அதைப் பார்த்து வியந்த இடங்களில் இதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட இடத்தை விட்டு நாங்கள் ஏன் போனோம்? பார்வையாளர்கள் தெற்கே போனார்கள், பின்னாலேயே நாங்களும் போனோம். மயிலாப்பூர், மாம்பலம், தி.நகர் என்று சபாக்கள் வளர்ந்தன. அங்கே நல்ல கேன்டீன் இருந்தது, காரை நிறுத்த இடம் இருந்தது, ஒப்பந்தம் பேச ஒரு செயலாளர் இருந்தார். “சென்ட்ரல் பக்கமா? யாரு சார் வருவா?” என்பது எங்கள் நடுவில் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆனது. நானும் சொல்லியிருக்கிறேன். சூளையில், பெரியமேட்டில், வேப்பேரியில், ஜார்ஜ் டவுனில், ராயபுரத்தில் மனிதர்கள் இல்லையா? அந்த வாக்கியம் அவர்களை ஆள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு காலத்தில் நாடகம் பார்க்க நடந்து வந்த அந்தப் பேட்டைகளை நாங்கள் பாதி நகரமாக ஒதுக்கிவைத்தோம். அரங்கு ஓட்டை விழுந்து நிற்பதற்கு முன்பே ஆளில்லாமல் நின்றது. இதை நாங்கள் செய்தோம்.

எங்கள் குழுவின் ஆண்டுக் கூட்டம் ஒன்று நினைவில் இருக்கிறது. மூத்த நடிகர் ஒருவர் எழுந்து, சம்பந்த முதலியார் நாடகம் ஒன்றை விக்டோரியா ஹாலிலேயே போட்டால் என்ன, இடம் கேட்டுப் பார்க்கலாமே என்றார். கிரீன் ரூம் இருக்குமா, எலி இருக்கும், ஜெனரேட்டர் யார் கொண்டுவருவது, பெண்கள் ராத்திரி எப்படித் திரும்புவார்கள் என்று நான்கைந்து குரல்கள் எழுந்தன. ஐந்து நிமிடத்தில் பேச்சு டிசம்பர் சீசனுக்குப் போய்விட்டது. அன்று மினிட் புத்தகம் எழுதியவன் நான். அவர் சொன்னதை ஒரு வரியாகக்கூட நான் அதில் எழுதவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம். எந்தக் கதவு பூட்டியிருக்கிறது என்று குறை சொன்னோமோ, அந்தக் கதவை நாங்கள் ஒரு தடவையும் தட்டவில்லை.

1985ஐ அந்த வட்டாரத்தின் கெட்ட ஆண்டு என்பேன். மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. பீப்பிள்ஸ் பார்க்கில் ‘உயிர் காலேஜ்’ என்று ஜனங்கள் கூப்பிட்ட மிருகக்காட்சி சாலைக்குப் பதிலாக வண்டலூரில் புதியது திறந்தது. அரங்கின் 99 ஆண்டுக் குத்தகையும் அந்த ஆண்டோடு முடிந்தது. பிறகு அரங்கை நிர்வகித்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே இழுபறி. யாருக்குச் சொந்தம் என்பது தீரும்வரை யாரும் ஓட்டை அடைக்கவில்லை. நாங்கள் அதை இரண்டு பேருக்கு நடுவில் நடக்கும் சொத்துத் தகராறாகத்தான் பார்த்தோம். அதில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டு, அது நாம், நமக்கும் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது என்று தோன்றவில்லை. பழுதுபார்க்கும் வேலை ஒரு தடவை தொடங்கியது, மெட்ரோவின் சுரங்க வேலை பக்கத்தில் வந்ததும் நின்றது. அப்போதும் எங்களிடமிருந்து ஒரு மனு போகவில்லை. நடிகர்கள் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் போதும், பத்திரிகையில் நான்கு வரி வந்திருக்கும்.

இதை எழுதத்தான் கை கூசுகிறது. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினம். அதையொட்டிய வாரத்தில் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்க்கும் நடைகள் நடக்கும். அப்படி ஒரு நடையில் விக்டோரியா ஹாலின் வெளிச்சுவரில், கார்னீஸ் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்ததைப் பார்த்தேன். நான்கு இலை. சிவப்புச் செங்கல்லில் தளிர்ப் பச்சை. ஓடோடிப்போய்ப் படம் எடுத்தேன். ஒரு பத்திரிகைக்குக் கட்டுரையோடு அனுப்பினேன். வெளிவந்தது, பாராட்டினார்கள். அடுத்த வருடம் போனபோது அதே கன்று விரல் தடிமனுக்கு வளர்ந்திருந்தது. மறுபடியும் படம் எடுத்தேன். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காலம் கட்டடத்தைத் தின்பதாக இன்னொரு கட்டுரை எழுதினேன்.

தின்றது அரச வேர். சுண்ணாம்புச் சாந்துக்குள் நூல்போலப் போகும் வேர், பிறகு ஆப்பு அடித்ததுபோல் செங்கல்லைப் பிளக்கும். நான்கு இலையாக இருந்தபோது ஏணி வைத்து ஏறி ஓர் ஆள் வேரோடு பிடுங்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வாசலில் இருந்த காவல்காரரிடம் சொல்லியிருக்கலாம். மாநகராட்சிக்கு ஒரு தபால் அட்டை எழுதியிருக்கலாம். ரிப்பன் மாளிகை அடுத்த வாசல். பாழடைந்த சுவர் எழுதுகிறவனுக்கு நல்ல சரக்கு. செப்பனிட்ட சுவரில் எழுத என்ன இருக்கிறது என்ற எண்ணம் என் மனத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்திருக்க வேண்டும். என்னைப்போல் எழுதியவர்கள், படம் எடுத்தவர்கள் இன்னும் பலர். அந்த இடிபாட்டை வைத்து நாங்கள் பெயர் வாங்கினோம்.

ஆவணங்களிலும் இதே கதைதான். அந்த மேடையில் ஒவ்வொரு நாடகத்துக்கும் நோட்டீஸ் அடித்திருப்பார்கள், டிக்கெட் அச்சிட்டிருப்பார்கள், திரைச்சீலை எழுதியிருப்பார்கள். எங்களில் எத்தனை பேர் வீட்டில் தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டி எடைக்குப் போனது? தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓரிரு இடங்களில் பழைய நாடக நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. அந்த அரங்கின் மேடைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அறிய இன்றும் நாங்கள் பெரிதும் நம்பியிருப்பது சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ ஒன்றைத்தான். அந்தப் பெரியவர் 1964இல் மறைந்தார். அவரோடு மேடை ஏறியவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். ஒரு டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்து, கடைசி வரிசைக்குக் குரல் எப்படிப் போயிற்று, காலரியில் யார் உட்கார்ந்தார்கள், டிக்கெட் என்ன விலை என்று கேட்டிருக்கலாம். அவர்கள் இருந்த காலத்தில் நாங்கள் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை.

2023இல் சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் வேலை மறுபடி தொடங்கியது. 32 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பீடு. சுண்ணாம்பு வேலை தெரிந்த கைகள் வந்தன, கட்டடம் தன் சிவப்பை மீட்டுக்கொண்டது. சாலையிலிருந்து பார்த்தால் கோபுரம் இப்போது முழுசாகத் தெரிகிறது. மனம் நிறைகிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது. இது வரிப்பணம், செய்தவர்களை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஓர் அரங்கைச் செப்பனிடுவது வேறு, அரங்காக வைத்திருப்பது வேறு. இரண்டாவதைக் கொத்தனார் செய்ய முடியாது. விளக்குப் போட்டு வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளும் இடமாக அது நின்றுவிட்டால், அடுத்த தலைமுறை அரசங்கன்று எங்கே முளைக்கும் என்று எனக்குத் தெரியும்.

நாடகக் குழு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதை எடுங்கள், மினிட் புத்தகத்தில் எழுதுங்கள். மேல் கூடத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ் நாடகத்துக்கு வேண்டும் என்று எல்லாக் குழுக்களும் சேர்ந்து மாநகராட்சிக்கு ஒரே மனுவாகக் கொடுப்போம். நடுத்தரக் குடும்பம் நான்கு பேரோடு வரக்கூடிய விலையில் டிக்கெட் வைப்போம். சூளையிலும் பெரியமேட்டிலும் வீடு வீடாகப் போய் நோட்டீஸ் கொடுப்போம். முதல் நாடகமாக ‘சபாபதி’யைப் போட எங்கள் குழு தயார், தலைப்பாகை இன்னும் அதே பெட்டியில் இருக்கிறது.

வாசகர்களுக்கும் ஒன்று. பார்க் ஸ்டேஷனிலோ சென்ட்ரல் மெட்ரோவிலோ இறங்கினால் அரங்குக்கு நடந்தே வந்துவிடலாம். தேதி கிடைத்ததும் சொல்கிறோம். டிக்கெட் வாங்கி உள்ளே வந்து உட்காருங்கள்.